மலைநாட்டு வீதியும் மீண்டு வந்த சாரதியும்

கல்லூரியன்னையின் விழாவிற்குக் கடல் கடந்து வரும் பழைய மாணவர் பலர், விழா முடிந்தபின் கண்டிக்கு ஒருமுறை போய்வருதல் வேண்டுமென விரும்புவது இயல்பே. அவருட் சிலர் இளமையிற் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். ஹந்தானை மலைச்சாரலில் இந்து மாணவரின் முயற்சியால் எழுந்த குறிஞ்சிக்குமரன் ஆலயத்தையும், தாம் நடந்து திரிந்த மரநிழற் சாலைகளையும் மனைவி மக்களுக்குக் காட்டல் வேண்டுமென்பது அவர்தம் நெடுநாள் ஆசை. ஏனையோருக்குத் தலதா மாளிகையும், வாவியும், 1821 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற பேராதனைப் பூந்தோட்டமும், அப்பாலுள்ள தேயிலை மலைகளும் உண்டு. இவர்களிற் பலர் சாரதி ஒருவரை அமர்த்தாது, வாடகைக்குக் கார் ஒன்றை எடுத்துத் தாமே ஓட்டிச் செல்லக் கருதுகின்றனர். கண்டியில் நெடுங்காலம் வாழ்ந்துவரும் பழைய மாணவராகிய எம்மிடம் இதுபற்றிக் கேட்போர் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை கூறுவதிலும், இம்மலர் வாயிலாக எல்லோருக்கும் ஒருங்கே கூறுதல் நன்றென எண்ணினோம்.

“பிறந்த நாட்டிலே வண்டி ஓட்டுவதற்கு ஆயத்தம் எதற்கு?” என்று வினவுவார் உளர். அவ்வினாவிலேயே ஆபத்துத் தொடங்குகின்றது. முப்பது நாற்பது ஆண்டுகள் வெளிநாட்டில் வாழ்ந்து அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றுவிட்ட ஒருவருக்கு இந்நாடு, வீதியைப் பொறுத்த மட்டில், அந்நிய நாடே. சட்டம் அவரை அவ்வாறே கொள்கின்றது. மலையும் அவரை அவ்வாறே கொள்கின்றது. அவர் உள்ளம் மாத்திரமே அவரை இந்நாட்டவராகக் கொள்கின்றது. முற்றிலும் புதிய நாடொன்றிற்குச் செல்பவர் அச்சத்தோடும் கவனத்தோடும் செல்வர். மீண்டு வருபவரோ தெரிந்த இடம் என்னும் துணிவோடு வருவர். ஆகவே, மீண்டு வருபவரே மிகுந்த ஆயத்தத்தோடு வருதல் வேண்டும்.

முதலாவது ஆயத்தம் பத்திரம் பற்றியது. காலாவதியாகிப் பெட்டகத்திற் கிடக்கும் பழைய இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரம் பயன்படாது. வதியும் நாட்டில் வழங்கிய அனுமதிப்பத்திரமும் இங்கே தனித்துச் செல்லாது. 1949 ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் வழி வழங்கப்படும் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தைப் புறப்படுமுன் தம் நாட்டிலேயே பெற்றுக்கொள்ளல் வேண்டும்; இங்கு வந்தபின் அதனைப் பெற இயலாது. கொழும்பிலுள்ள இலங்கை ஓட்டோமொபைல் சங்கத்திடம் அதனைக் காட்டி ஏற்புப் பெறுதல் பல்லாண்டு வழக்கமாகும். அன்றேல், மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்திடம் தற்காலிக அனுமதிப்பத்திரம் பெறலாம். கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அதனை வழங்கும் ஒழுங்கு 2025 ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியது. விதிகளும் கட்டணங்களும் காலத்துக்குக் காலம் மாறுவன. ஆதலின், பயணத்திற்கு ஒரு மாதத்தின் முன் விசாரித்து உறுதி செய்துகொள்ளுதல் நன்று.

பத்திரத்தை வெறுஞ் சடங்கென எண்ணுதல் பெருந் தவறு. செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இன்றி ஓட்டும்போது விபத்து நேரின், காப்புறுதி நிறுவனம் இழப்பீடு தர மறுத்தற்கு இடமுண்டு. பிறர் ஒருவர் காயமுற்றால் அதன் பாரம் முழுவதும் ஓட்டியவர் தலைமேல் வீழும். வாடகை வண்டியைப் பொறுப்பேற்குமுன் அதன் வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்று, புகைப் பரிசோதனைச் சான்று ஆகிய மூன்றும் காலாவதியாகாதிருக்கின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். காப்புறுதி மூன்றாந் தரப்புக்கு மாத்திரமா, முழுமையானதா, வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்துடன் ஓட்டுபவரையும் அது உள்ளடக்குமா என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுதலே அறிவுடைமை. வண்டியில் ஏற்கெனவே உள்ள கீறல்களைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்வதும் பிற்காலத்து வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.

இரண்டாவது ஆயத்தம் கையும் காலும் பற்றியது. இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் வாழ்வோருக்கு இடப்பக்கம் ஓட்டுதல் பழக்கமானதே. கனடா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே ஆகிய நாடுகளிலிருந்து வருவோர் வலப்பக்கம் ஓட்டிப் பழகியவர். நேர் வீதியில் அவர் தவறுவதில்லை. முன்னே செல்லும் வண்டியே வழிகாட்டும். வெறிச்சோடிய விடியற்காலையில் எண்ணெய் நிலையத்திலிருந்து வெளியேறும்போதும், சுற்றுவட்டத்தில் நுழையும்போதும், களைப்புற்றிருக்கும் மாலையிலும் கை தானாகவே பழைய பக்கத்தை நாடும். இங்கு ஓடும் கார்களுட் பெரும்பாலானவை ஜப்பானில் ஆக்கப்பட்டவை. அவற்றில் திரும்பு விளக்கின் கோல் வலப்புறத்தில் இருக்கும். இலண்டனிலிருந்து வந்த நண்பர் பலர் முதல் நாள் முழுவதும் திரும்ப எண்ணி வைப்பரை ஓடவிட்டமை நாம் கண்டு நகைத்த காட்சி. ஆயினும், மலை வளைவிலே அது நகைப்பிற்குரியதன்று. விமானத்தினின்று இறங்கிய அன்றே மலையேற முயலாது, ஓரிரு நாள் சமநிலத்தில் ஓட்டிக் கையைப் பழக்கிக்கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, வழியும் காலமும் பற்றியது. எம் கல்லூரி நின்றிலங்கும் யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் ஒரே வீதி இணைக்கின்றது என்பது பலரும் நினையாத உண்மை. போர்க்காலத்தில் நீண்டநாள் மூடப்பட்டுக் கிடந்த அந்த ஏ 9 வீதி கண்டியிலே தொடங்கி மாத்தளை, தம்புள்ளை, மிகிந்தலை, மதவாச்சி, வவுனியா வழியாக யாழ்ப்பாணம் வந்து சேர்கின்றது. நீளம் ஏறக்குறைய 320 கிலோமீற்றர். வடக்கிலிருந்து வருபவர் தம்புள்ளை வரை சமநிலத்தில் விரைந்து வரலாம். அதன்பின் வீதி மெல்ல மெல்ல மலைக்குள் நுழையும். மாத்தளையில் முத்துமாரியம்மனை வணங்கிச் சற்று இளைப்பாறி, அக்குறணையையும் கட்டுகஸ்தோட்டையையும் கடந்து கண்டியை அடையலாம். அக்குறணைக் கடைத்தெருவில் நெரிசல் மிகுதி. பெருமழையில் பிங்கா ஓயா பெருகி அவ்வீதியை மூழ்கடித்தலும் உண்டு.

கொழும்பிலிருந்து வருவோருக்குக் கடுகண்ணாவைக் கணவாயே வாயில். கண்டியரசர் தம் தலைநகரின் பாதுகாப்பைக் கருதி வழிகளை அகலப்படுத்தாது விட்டனர் என்பது வரலாறு. 1815 ஆம் ஆண்டில் இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டபின், வீதியின்றி இம்மலைநாட்டை ஆளல் இயலாதென உணர்ந்த தேசாதிபதி எட்வேட் பாண்ஸ், இக்கணவாயூடே வீதி சமைப்பித்தார். அதனை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவாக நாட்டிய கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கின்றது. அவ்வீதிக்காகக் குடைந்த பாறையும் அதன் அருகே உள்ளது. 1832 இல் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. குதிரைக்காகவும் மாட்டு வண்டிக்காகவும் வகுத்த தடத்தின் மேலேயே இன்றைய வீதியும் பெரும்பாலும் செல்கின்றது என்பதை ஓட்டுபவர் மறத்தலாகாது. மத்திய அதிவேக வீதியின் மீரிகமை முதல் குருநாகல் வரையான பகுதி 2022 சனவரியிலே திறக்கப்பட்டதாயினும், கண்டிவரை அது இன்னும் வந்து சேரவில்லை.

ஆகவே, மலைநாட்டில் தூரத்தைக் கிலோமீற்றரால் அளவாது மணியால் அளத்தல் வேண்டும். கொழும்பிலிருந்து கண்டி ஏறக்குறைய 116 கிலோமீற்றர். ஐரோப்பிய அதிவேக வீதியில் ஒரு மணிக்குச் சற்று மேற்பட்ட பயணம். இங்கே மூன்று முதல் நான்கு மணி. கண்டியிலிருந்து நுவரெலியா எண்பது கிலோமீற்றரும் இல்லை. ஆயினும் மூன்று மணி நேரம் ஒதுக்குதல் வேண்டும். கைத்தொலைபேசி காட்டும் வழிகாட்டி, குறுகிய வழியென்று தேயிலைத் தோட்டங்களினூடாக ஒரு வண்டி மாத்திரம் செல்லத்தக்க தடங்களிற் கொண்டுபோய் விடுவதுண்டு. பிரதான வீதியையே பற்றிச் செல்க. எவ்வாறாயினும் மாலை ஐந்து மணிக்குள் தங்குமிடம் சேருமாறு நாளை வகுத்துக்கொள்க. இருளும் மூடுபனியும் மழையும் ஒருங்கே வரும் மலைவீதியில் விருந்தினர் ஓட்டுதல் தகாது.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியைக் கூறுவோம். சில ஆண்டுகளின் முன் கனடாவிலிருந்து வந்த எம் வகுப்புத் தோழர் ஒருவர், மனைவி, மகள், பேரன் ஆகியோருடன் எம்மையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியா சென்று திரும்பினார். வாடகைக்கு எடுத்த கார், தானியங்கிக் கியர். ஏறும்போது யாதொரு குறையும் இல்லை. இறங்கும்போது, கியரை வழமையான நிலையிலேயே விட்டுக் காலால் மாத்திரம் வேகத்தைத் தடுத்து வந்தார். எச்சரித்தபோது, “முப்பது வருஷம் பனியிலை ஓட்டின எனக்கு இந்த மலை என்ன மலை?” என்று சிரித்தார். நாமும் நட்பை எண்ணி வாளாவிருந்தோம். அது எம் பிழை. இறம்பொடையைத் தாண்டியபின் கருகிய நாற்றம் எழுந்தது. அடுத்த வளைவில் பிரேக் மிதி பஞ்சுபோல் அமிழ்ந்தது. வண்டி வேகந் தணியவில்லை. தெய்வாதீனமாக வலப்புறத்தே மலைச்சரிவை ஒட்டி மரக்கறிக் கடையொன்றின் முன் மேடான வெளி இருந்தது. அதன்மேல் வண்டியை ஏற்றி நிறுத்தினார். இடப்புறத்தே பள்ளம். பின்னாசனத்திற் பேரன் உறங்கிக்கொண்டிருந்தான்.

அக்கடையருகே லொறியை நிறுத்தித் தேநீர் அருந்திக்கொண்டிருந்த தோட்டப்பகுதித் தமிழ்ச் சாரதி ஒருவர் எழுந்து வந்தார். சக்கரத்தின்மேல் தண்ணீர் ஊற்ற முனைந்தவரைத் தடுத்தார். கொதிக்கும் இரும்பு வெடித்துவிடும் என்றார். அரைமணி நேரம் காத்திருக்கச் செய்தார். பின் எம் நண்பரிடம், “ஐயா, ஏறுறதுக்கு என்ன கியரோ, எறங்குறதுக்கும் அதே கியருங்க. காலை நம்பாதீங்க” என்றார். பணம் நீட்டியபோது வாங்க மறுத்துவிட்டார். எம் நண்பர் அதன்பின் கண்டி வரை ஒரு சொல்லும் பேசவில்லை.

அச்சாரதி கூறியது வெறும் அனுபவ மொழியன்று. நாம் கல்லூரியிற் படித்த பௌதிகமே. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. கம்பளை ஐந்நூறு மீற்றருக்கும் தாழ்வானது. இறக்கம் ஏறத்தாழ 1,400 மீற்றர். ஆட்களும் பொதிகளும் சேர்ந்து 1,500 கிலோகிராம் எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ இரண்டு கோடி ஜூல். அது 30 பாகை வெப்பமுள்ள எழுபது லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்றும் வீதியும் அதில் ஒரு பங்கை ஏற்கும். எஞ்சியது முழுவதையும் நான்கு சக்கரங்களின் பிரேக்குகள் தாங்குமாறு விட்டால் அவை பழுக்கக் காயும். உராயும் பட்டைகள் பிடிப்பை இழக்கும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டொட் 3 எனும் வகை எண்ணெய் புதியதாயின் 205 பாகைவரை கொதியாது. ஈரமுற்றபின் 140 பாகையிலேயே கொதிக்கலாம். கொதித்த எண்ணெயில் ஆவிக்குமிழ் தோன்றும். மிதித்தால் குமிழ் நசுங்குமேயன்றிச் சக்கரம் நில்லாது. பனிநாட்டில் நெடுங்காலம் ஓட்டியவர் வழுக்கலை அறிவர். இவ்வெப்பத்தை அறிய அவருக்கு வாய்ப்பு நேராதிருக்கலாம்.

தாழ்ந்த கியரில் இறங்கும்போது அவ்வாற்றலிற் பெரும்பகுதியை எஞ்சின் ஏற்றுக்கொள்கின்றது. கைக்கியராயின் இரண்டாவது அல்லது மூன்றாவது. தானியங்கியாயின் எல் அல்லது இரண்டு எனும் நிலை. இந்நாட்டில் மலிந்துள்ள ஹைபிரிட் கார்களில் பி எனும் நிலை இதற்கென்றே அமைந்துள்ளது. இறக்கம் தொடங்குமுன்னரே கியரைத் தாழ்த்துக. வேகம் மிகுந்தபின் தாழ்த்த முயலற்க. பிரேக்கை இடைவிடாது தேய்க்காது, வேண்டும்போது உறுதியாக மிதித்துப் பின் விடுக. வண்டியை வாடகைக்கு எடுக்கும்போதே பிரேக் பட்டைகளையும் எண்ணெயையும் டயர்களையும் கைதேர்ந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு பார்க்கச் செய்வதற்குச் செலவாகும் சிறு பணம், மலையிலே பெரும் பொருள்.

இவ்வெச்சரிக்கை மிகையன்று. 2025 மே 11 ஆம் நாள் இறம்பொடைக்கு அண்மையிலுள்ள கெரண்டியெல்லவில் பஸ் வண்டியொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வீதியை நாள்தோறும் காணும் எமக்கு அச்செய்தி நெஞ்சைப் பிளந்தது.

வீதியொழுக்கம் பற்றியும் சில கூறல் வேண்டும். கார்களுக்கு நகர்ப்பகுதியில் மணிக்கு 50 கிலோமீற்றரும் வெளியே 70 கிலோமீற்றரும் எல்லை. மலை வளைவில் அதன் பாதியும் மிகையே. ஒடுங்கிய இடத்தில் ஏறிவரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிடுதல் மலைநாட்டுச் சாரதிகளின் பழைய வழக்கம். இங்கிலாந்திலே எதிரே வருபவர் விளக்கைச் சிமிட்டினால் “நீர் செல்க” என்பது பொருள். இங்கோ “நான் வருகிறேன், ஒதுங்குக” என்பதே பொருள். இவ்வொரு குறிப்பை மாறி விளங்கியதால் நேர்ந்த மோதல்கள் உண்டு. பஸ் வண்டி பின்னே நெருக்கினால் போட்டியிடாது ஒதுங்கி விடுக. வெளி காணாத வளைவில் ஒருமுறை ஒலியெழுப்புக. முச்சக்கரவண்டி எக்கணமும் நிற்கும், எக்கணமும் திரும்பும் என்று கொள்க. “வமட்ட” என்றால் இடப்பக்கம், “தகுணட்ட” வலப்பக்கம், “கெலின்ம” நேரே, “ஹெமின்” மெதுவாக. இந்நான்கு சிங்களச் சொற்களும் ஒரு புன்னகையும் வழிகேட்பதற்குப் போதும்.

பருவமும் ஆராயத்தக்கது. கண்டியில் சனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. ஒக்டோபரும் நவம்பரும் பெருமழைக் காலம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலைநாடெங்கும் மண்சரிவுகள் நிகழ்ந்தன, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், வீதிகள் பல துண்டிக்கப்பட்டன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் விடுக்கின்றது. செல்லும் பிரதேசத்திற்கு எச்சரிக்கை இருப்பின் பயணத்தை ஒத்திவைக்க. மலைச்சரிவிலிருந்து கலங்கல் நீர் புதிதாக வடியினும், வீதியில் சிறு கற்கள் உருண்டு கிடப்பினும் அவ்விடத்தில் நில்லற்க. கிழக்கே மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவு வீதியின் அழகு சொல்லுந்தரமன்று. ஆயினும் மழைநாளில் அதனை நாடுதல் வேண்டா.

கண்டி நகருள் ஒருவழித் தெருக்கள் மிகுதி. காலை பாடசாலை தொடங்கும் வேளையிலும், பிற்பகல் ஒன்றரை மணியளவில் அது விடும் வேளையிலும் வாவியைச் சுற்றி வண்டிகள் ஊர்ந்தே செல்லும். எசலப் பெரகரா நாட்களில் வீதிகள் பலமணி நேரம் மூடப்படும். ஆதலின், காரைத் தங்குமிடத்தில் விட்டு நகரை நடந்து காண்பதே இன்பம். கட்டுக்கலைச் செல்வ விநாயகர் ஆலயத்திற்கும் முச்சக்கரவண்டியிற் செல்லலாம். பொலிஸ் அவசர அழைப்பு 119. இலவச அம்புலன்ஸ் 1990. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. இம்மூன்றையும் கைத்தொலைபேசியில் மாத்திரமன்றித் தாளிலும் எழுதி வண்டியில் வைக்க. மலையிடுக்கில் தொலைபேசி மௌனமாகிவிடும் இடங்கள் உள. அருகிலுள்ள கடைக்காரருக்கு அவ்வெண்கள் உதவும்.

இவ்வளவும் படித்தபின், “சாரதி ஒருவரையே அமர்த்திக்கொள்வோம்” என எவரேனும் முடிவு செய்வராயின் நாம் மகிழ்வோம். அதில் இழுக்கு யாதும் இல்லை. தாமே ஓட்டத் துணிபவர், தாம் இங்கே விருந்தினர் என்பதையும், மலையை அறிந்தவர் இம்மண்ணில் நாள்தோறும் ஓட்டும் உழைப்பாளரே என்பதையும் உள்ளத்திற் கொள்வாராக. எம் கனடா நண்பர் மறுமுறை வந்தபோது பேராதனைக்கு அவரே ஓட்டிச் சென்றார். குறிஞ்சிக்குமரன் ஆலயத்திலிருந்து திரும்பும் சரிவின் உச்சியிலே வண்டியை நிறுத்தி, கியரைத் தாழ்த்தி, எம்மை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பேரன் விழித்திருந்தான். நாம் ஒன்றும் கூறவேண்டியிருக்கவில்லை.

கல்லூரியன்னையை வணங்க வரும் மக்கள் யாவரும் நலமே வந்து, மலைநாட்டின் எழிலைக் கண்டு, நலமே மீள்வாராக.